மூன்று பார்

மூன்று பட்டறைகள் ஏறி இறங்கிய பழைய வீரா.
பிளக் மாற்றியாயிற்று. காயில் மாற்றியாயிற்று.
ஃபில்டரும் புதுசு.
ரசீதுகளை ரப்பர் பேண்டு போட்டு நீட்டினாள் ரூபாவதி,
ஆஸ்பத்திரிக் கோப்பு மாதிரி.

"பிரஷர் கம்மியாம். பம்ப் போச்சாம்.
நானூத்தம்பது வெள்ளி கேட்கிறான்.
எனக்கு ஏறிக் கிடக்கு, இதுக்கு இறங்கிக் கிடக்கு.
ரெண்டையும் கூட்டிப் பாதியாக்க முடியாதா, தங்கச்சி?"

பின் சீட்டில் எட்டு வாளி தோசை மாவு.
ஜெலுத்தோங்கில் ஆட்டியது,
பாலிக் புலாவ் கடைகளுக்குப் போக வேண்டியது.
நேற்று மலைப்பாதையில், நாலாவது வளைவில்
வண்டி இருமி நின்றது.
மாவு நிற்கவில்லை.
வெயிலில் பொங்கி, மூடி தள்ளி, வழிந்து,
அவளுக்கு முன்னால் ஊர் போய்ச் சேரப் பார்த்தது.

முதலில் பம்ப்பின் ஃபியூஸைப் பிடுங்கி
எஞ்சினைத் தானாகச் சாக விட்டேன்.
குழாய்க்குள் காத்திருக்கும் பெட்ரோல்
அவசரக்காரர் முகத்தில்தான் பீய்ச்சும்.
பிறகு கந்தல், ஸ்பேனர், கேஜ்.

சாவியைத் திருப்பு.
இரண்டு விநாடி, சீட்டுக்கு அடியில் ஒரு முனகல்.
அந்த முனகலை நம்பாதே என்பேன் ஹஃபிஸிடம்.
சத்தம் போடுகிறவன் எல்லாம்
வேலை செய்கிறான் என்று அர்த்தமில்லை.

முள் எழுந்தது. மூன்றைத் தாண்டியது.
அலகின் பெயரே பார்.
பார் என்கிறது, பார்த்தேன்.
அணைத்துவிட்டுத் தேநீர் குடித்து வந்தேன்,
முள் அதே இடத்தில்.
அப்படியானால் இஞ்செக்டர் ஒழுகவில்லை,
பம்ப்பின் வால்வும் வாய் மூடியிருக்கிறது.
ரெகுலேட்டரின் வேக்கம் குழாயை உருவி முகர்ந்தேன்.
காய்ந்த ரப்பர் வாசம் மட்டும். அதன் சவ்வும் கிழியவில்லை.

நிழலில் நிற்கும் வண்டி பொய் சொல்லும்.
சும்மா இருப்பதற்கு எவ்வளவு பெட்ரோல் வேண்டும்?
கேஜைக் கண்ணாடிக்கு வெளியே கட்டினேன்,
வாளிகளை இறக்க வேண்டாம் என்றேன்.
பாயா தெருபோங் தாண்டி ஏறினோம்.
முதல் வளைவு, முள் அசையவில்லை.
இரண்டாவது, ரூபாவதி முருகனைக் கூப்பிட்டாள்.
மூன்றாவதில் இரண்டரை.
நாலாவதில் ஒன்றரை, பிறகு அந்த இருமல்.
பின்னால் வந்த லோரிக்காரன் ஹாரனில் ஏதோ சொன்னான்,
மொழிபெயர்க்கத் தேவையில்லை.

சாலையோரம் வாளிகளை இறக்கிச் சீட்டைத் தூக்கினேன்.
இருபது காசுகள் மூன்று, ஒரு ஹேர்க்ளிப்,
காய்ந்த கறிவேப்பிலை.
பம்ப்பின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்தேன்.
பேட்டரியில் பன்னிரண்டரை வோல்ட்.
பம்ப்புக்கு வந்து சேர்ந்தது ஒன்பது.
மூன்றரை வோல்ட்டை வழியில் யாரோ சாப்பிட்டிருக்கிறார்கள்.

அப்போதுதான் மூக்கில் ஏறியது,
பெட்ரோலுக்கு அடியில் இன்னொரு வாசம்.
புளிப்பு.
எர்த் வயரின் முனையில் வெள்ளையாய் ஒரு பொருக்கு,
சுரண்டினால் உள்ளே பச்சை பூத்த செம்பு.
தொட்டேன், சுட்டது.
ஒவ்வொரு முறை வண்டி நின்றபோதும் மாவு பொங்கியது.
ஒவ்வொரு முறை பொங்கியபோதும்
கொஞ்சம் கீழே இறங்கி வயரைத் தின்றது.
தின்னத் தின்ன வண்டி நின்றது.

"பம்ப் போகலையா?"
"போகல. அதுக்குச் சாப்பாடு போகல."
"யாரு செஞ்ச வேலை இது?"
வாளிகளைக் காட்டினேன்.
சிரிப்பா அழுகையா என்று முடிவாகாமல்
அவள் முகம் சிறிது நேரம் இருமியது.

புது டெர்மினல், உப்புத்தாள், கொஞ்சம் கிரீஸ்.
முப்பத்தைந்து வெள்ளி.
வாளிகளுக்கு அடியில் தட்டு வையுங்கள் என்றேன்.
நாலாவது வளைவில் முள் மூன்றிலேயே நின்றது.
ரூபாவதி சாலையைப் பார்க்கவில்லை,
முள்ளையே பார்த்து ஓட்டினாள்.
அதற்கும் திட்டினேன்.

காசோடு ஒரு வாளி மாவும் கொடுத்துவிட்டுப் போனாள்.
பட்டறை அலமாரியில் வைத்து மறந்துவிட்டேன்.
சாயங்காலம், வேறொரு காருக்கு அடியில் படுத்திருக்கையில்
டப் என்று ஒரு சத்தம்.
ஹஃபிஸ் கேஜை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான்.