மிச்சம்

பின்பக்க பிரேக் இரண்டுக்கும்
இருபத்துமூவாயிரத்து ஐந்நூறு என்றார் கராஜ்காரர்.
நான் சிரிக்கவில்லை.
காப்புறுதிக் கம்பனியில் ஒன்பது வருஷமாக
கராஜ் மதிப்பீடுகளை வெட்டிக் குறைப்பதுதான் என் வேலை.
'லேபர்' என்ற சொல்லுக்கு நேரே
மனிதர்கள் எழுதும் தொகைகளை
நித்திரையிலும் சிவப்புப் பேனையால் சுழிக்கிறவள்.

பஞ்சிகாவத்தையில் மூன்று கடை ஏறி இறங்கி
நாலாவதில், ரிஸ்மி நானாவிடம்,
பிரேக் ஷூ ஒரு செட் நாலாயிரத்து அறுநூறு.
பிரேக் எண்ணெய் ஆயிரத்து நானூற்றைம்பது.
"பூட்டுற பாஸ் யார்?"
"நான்தான்."
கொஞ்ச நேரம் என் கைப்பையைப் பார்த்தார்.
பிறகு ஸ்பிரிங் இரண்டு சும்மா தந்தார்.
"தெறிச்சிப் போகும் தங்கச்சி. தேடினாக் கிடைக்காது."

போயா நாள். வெள்ளவத்தையில்
எங்கள் மாடிக் கட்டடத்தின் கீழே
பன்னிரண்டாம் இலக்கத் தரிப்பிடத்தில்
ஜாக்கின் மேல் ஒரு காலைத் தூக்கி நிற்கிறது
பழைய மாருதி,
மின்கம்பத்தைக் கண்ட நாய் மாதிரி.
காவலாளி பந்துல கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
"மாத்தயா செய்ய மாட்டாரா, மிஸ்?"
மாத்தயா மேலே சோறு வடிக்கிறார்.

டிரம் கழரவில்லை.
பழைய துவாயைச் சுற்றிச் சுத்தியலால் தட்டினேன்,
கோபமில்லாமல், பிறகு கோபத்தோடு.
கழன்றது. கறுத்த தூள். உள்ளே
கடதாசியாய்த் தேய்ந்த இரண்டு பிறை.
கழற்றுமுன் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்திருந்தேன்.
முக்கியமான படத்தில்
என் பெருவிரல் மட்டும் மிகத் தெளிவாக இருந்தது.
ஸ்பிரிங் ஒன்று, நானா சொன்னபடியே,
தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும்.
இதை எந்த மதிப்பீட்டிலும் நான் வாசித்ததில்லை.
கிருபாகரன் சாரத்தோடு இறங்கி வந்து
ஆசனத்தில் ஏறினார்.
நான் சில்லுக்குப் பின்னால், நிலத்தில்,
முகம் தெரியாத வெறும் குரல்.
"மிதியுங்கோ."
"மிதிச்சிட்டன்."
"பிடியுங்கோ. விடாதேங்கோ.
விடாதேங்கோ...
இப்ப விடுங்கோ."
பதினொரு வருஷக் கலியாணத்தில்
இவ்வளவு சொல் கேட்டவரும் இல்லை அவர்,
இவ்வளவு தெளிவாய்ச் சொன்னவளும் இல்லை நான்.
குழாயில் குமிழி குமிழியாய் வந்து
தீர்ந்தது காற்று.

எல்லாம் பூட்டி முடிய
துவாயில் ஒரு நட்டு மிச்சம்.

திரும்பவும் இரண்டு பக்கமும் கழற்றினேன்.
எதிலும் எதுவும் குறையவில்லை.
ஆனால் நட்டு இருந்தது.
"பழைய கார்தானே மிஸ்," என்றார் பந்துல,
"முட்டை போட்டிருக்கும்."

எங்கள் ஒழுங்கை கடலை நோக்கிச் சரிவது.
முடிவில் மரைன் டிரைவ்,
அதற்கப்பால் தண்டவாளம், அதற்கப்பால்
பிரேக் தேவைப்படாத தண்ணீர்.
தனியே ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன்.
அவர் கேட்காமல் பக்கத்தில் ஏறி
பட்டியை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.
அடுப்பில் பருப்பு, என்றேன்.
நிப்பாட்டிட்டுத்தான் வந்தனான், என்றார்.

குரும்பை வண்டிக்குப் பத்தடி முன்னால்
நின்றது.

இரவு, சீனியும் சவர்க்காரமும் போட்டு
விரல்களைத் தேய்த்தபடி கணக்குப் பார்த்தேன்.
பதினேழாயிரத்து நானூற்றைம்பது மிச்சம்.
ஸ்பனர் செட்டைக் கழித்தால்
பதினாலாயிரத்து இருநூற்றைம்பது.
நகக்கண்ணின் கறுப்பை
எந்த நிரலில் போடுவதென்று தெரியவில்லை.
மாதக் கடைசியில் அந்தக் காசைத் தேடினேன்.
ஸ்பிரிங் மாதிரி எங்கேயோ தெறித்துப் போயிருந்தது.

நட்டு மட்டும் இருக்கிறது, சில்லறைத் தட்டில்.
போன கிழமை கோட்டையில்
தரிப்பிடக் காசு வாங்குகிறவர்
எண்ணிப் பார்த்து, ஒன்றைத் திருப்பித் தந்தார்.
"இது செல்லாது, மிஸ்."
வாங்கிப் பத்திரமாக வைத்தேன்.

காலி வீதியில் ஒவ்வொரு சிவப்பு விளக்குக்கும்
கார் நிற்கிறது.
நின்ற பிறகும் தட்டுக்குள்
அது ஒரு தரம் உருண்டு
நிற்கிறது.