அரை வினாடி

பூச்சியத்திலிருந்து நூறுக்கு
இப்போது ஆறு தசம் இரண்டு வினாடி.
காசு கட்டினால் ஐந்து தசம் ஏழு.
வித்தியாசம் அரை வினாடி.
விலை மூன்று லட்சத்து எண்பத்தையாயிரம்,
வரி தனி.

ஒரு ஆணிகூட மாற்றத் தேவையில்லையாம்.
கொழும்பிலிருந்து பேசுகிற பிள்ளை
தமிழைத் தேடித் தேடிச் சொல்கிறாள்:
"எல்லாம் உள்ளுக்குத்தான் இருக்கு மிஸ்,
நாங்க திறந்து விடுறது மட்டும்."

அப்படியென்றால்
ஏழு மாதமாய் நான் லீசிங் கட்டுகிற பெட்டிக்குள்
எனக்கில்லாத ஒன்று
என்னோடு டியூட்டிக்கு வந்து போகிறது.
சாம்பல்தீவுப் பாலம் தாண்டுகிறது,
என் கூரைச் சூரியனைக் குடிக்கிறது,
வாடகை தராமல் படுத்திருக்கிறது.

இன்பராசா கல்குலேட்டரை எடுத்தார்.
"வீட்டிலயிருந்து ஆஸ்பத்திரி மட்டும்
நீர் எவ்விடத்தில நூறில போறனீர்?"
எவ்விடத்திலும் இல்லை.
அலஸ்தோட்டத்தில் மாடு.
உப்புவெளியில் சைக்கிளோடு வெள்ளைக்காரர்.
பஸ் நிலையத்தடியில் மான்கள்,
நடு ரோட்டில் நின்று
பொலித்தீன் பையை மென்றுகொண்டு,
ஹோர்ன் அடித்தால் காதை மட்டும் அசைக்கிறவை.
"பவுண் ஒண்டு வாங்கிப் போடுங்க" என்றாள் ரிஸ்மியா,
கசெற்றைத் துடைத்தபடி.
சரிதான். எல்லாரும் சரிதான்.

ஆனால் நான் எக்ஸ்ரே அறைக்காரி.
அரை வினாடி எனக்குத் தெரியாத சாமானில்லை.
மூச்சை இழுங்கோ. பிடியுங்கோ.
ஈயச் சுவருக்கு இந்தப் பக்கம்
பொத்தானில் என் விரல்.
அரை வினாடிகூட வேண்டாம்,
அதில் ஒரு கிள்ளு போதும்,
ஒரு நெஞ்சு முழுக்கப் படத்தில் விழ.
கிண்ணியாவிலிருந்து வந்த மீன் முதலாளி ஒருவர்
அந்தக் கிள்ளுக்குள் இருமிவிட்டார்.
விலா எலும்பெல்லாம்
மழையில் நனைந்த கையெழுத்தாய்க் கலங்கிப்போயிற்று.
திரும்ப எடுத்தோம்.

இன்னொன்று. இதை இன்பராசாவுக்குச் சொல்லவில்லை.
போன போயாவுக்கு விடியப்புறம்
நிலாவெளி நேர்ரோட்டில்
ஒரு குருவியும் இல்லாத நேரம்
காலை அடிமட்டும் அழுத்தினேன்.
பிடரி சீற்றில் ஒட்டிக்கொண்டது.
சத்தமில்லை; பனைகள் மட்டும்
ஒன்றின்மேல் ஒன்றாய் விழுந்தன.
யாரோ சிரித்தார்கள்.
காருக்குள் நான் மட்டும்தான், ஐம்பத்தொரு வயதில்.

இதே ரோட்டில்தான்
சென்றிக்கு நூறு யார் முன்னமே இறங்கி
சைக்கிளை உருட்டிக்கொண்டு போகப் பழகினேன்.
அவசரப்படுகிற ஆளைத்தான் முதலில் மறிப்பார்கள்.
பிந்திப் போனால் ரியூசனில் ஏச்சு,
முந்தப் பார்த்தால் அடையாள அட்டை.
சென்றி எடுத்த இடத்தில் இப்போது
ஐஸ்கிறீம் கடை.
என் வலது கால் மட்டும் அங்கே வந்ததும்
தானாய் இளகுகிறது.
அந்தக் காலுக்குத்தான் மூன்று லட்சமோ?
அப்படியானால் மலிவு.
இல்லை, அதுவும் நானே எனக்குச் சொல்லும் விற்பனைப் பேச்சோ?
காசு கேட்கிறவன் கேட்பது இதற்கில்லை.
அவனுக்கு என் காலைத் தெரியாது.

இரவு டியூட்டி முடிந்து
ஆஸ்பத்திரி மதிலோரம் காருக்குள் இருக்கிறேன்.
கடல் அந்தப் பக்கம் எதையோ உருட்டுகிறது.
போனில் சாம்பல் பொத்தான் பச்சையாகிவிட்டது.
உறுதிப்படுத்தவும், என்கிறது.
கட்டினால் திருப்பித் தர மாட்டார்கள்,
காரை விற்றால் கூடவே போய்விடும்,
சின்ன எழுத்தில் இருந்ததை
இரண்டு தரம் வாசித்தேன்.

பெருவிரல் மேலே நிற்கிறது.
மூச்சை இழுத்தேன். பிடித்தேன்.
இருபத்தாறு வருசமாய்
இதற்கடுத்த சொல்லை
நான் மற்றவர்களுக்குத்தான் சொல்லி வருகிறேன்.

விடுங்கோ.

விட்டேன், பிரேக்கை.
கார் சத்தமின்றி ஊர்ந்தது.
கேற்றடியில் ஒரு கொம்பன் மான்
வெளிச்சத்துக்குள் வந்து நின்று
என்னைப் பார்த்தது.
சலுகை வியாழன் மட்டும் இருக்கிறது.
இன்று செவ்வாய்.