கால் அணா, இரண்டு தடவை

முதலில் வெளிச்சத்தைச் சாய்க்க வேண்டும்.
நேராக விழும் வெளிச்சம்
எல்லாக் காசையும் மன்னித்துவிடும்.
மேசைவிளக்கின் கழுத்தைத் திருகித் தாழ்த்தி
பத்து மடங்கு லென்ஸைக் கண்ணோடு ஒட்டி
காசை நகர்த்து, கண்ணை நகர்த்தாதே
என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

பகலில் நான் பாளையங்கோட்டையில்
கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறவள்.
மணமகன் பெயருக்கு நிழல் விழுந்தால்
கேள்வி ஒன்றுதான்:
தாள் நழுவியதா, பிளேட்டே பிசகா?
தாள் நழுவினால் ஒரு பத்திரிகை போகும்.
பிளேட் பிசகினால் ஐந்நூறும்
அதே நிழலோடு, அதே இடத்தில்,
வரிசையாக வந்து விழும்.
காசுக்கும் இதே வழக்குதான்.

அடிக்கிற நேரத்தில் அச்சு ஆடினால்
எழுத்தின் தோள் நசுங்கித் தட்டையாகும்,
படித்துறையின் கடைசிப் படி மாதிரி
பளபளவென்று ஒரு மெல்லிய விளிம்பு.
மானூர்க்காரர் ஒருத்தர் அதைக் காட்டி
நாலு லட்சம் பெறும் என்றார்.
நாலு ரூபாய்க்கு ஆகாது என்று சொல்ல
வாய் வரவில்லை.
டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

நிஜமான இரட்டை அப்படி இருக்காது.
தாய் அச்சு ஒருமுறை இறங்கிய பின்
சேய் அச்சை உலையில் இளக்கி
மறுபடி அதே பள்ளத்தில் இறக்கும்போது
மயிரிழை விலகியிருக்கும்.
அந்த விலகல் காசில் திரண்டு, புடைத்து நிற்கும்.
எழுத்தின் மூலையில்
எறும்பு கடித்த மாதிரி ஒரு பிளவு.
தேட வேண்டியது அந்தப் பிளவை.

டவுன் பாத்திரக்கடையில்
கிலோக் கணக்கில் வாங்கிய பழஞ்செம்பில்
ஒன்று கிடைத்தது.
கால் அணா. ஆண்டின் கடைசி எண் தேய்ந்துவிட்டது.
ராணியின் கன்னம் வழுக்கை.
ஆனால் விக்டோரியாவின் ‘ஆர்’
தன் சாய்ந்த காலை
இரண்டாக ஊன்றி நின்றது.
அன்றிரவு இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கவே மறந்தேன்.

ஆனாலும் ஒற்றைக் காசு சாட்சியாகாது.
அதே அச்சில் பிறந்த இன்னொன்று
அதே காலோடு, அதே பிளவோடு
பக்கத்தில் வந்து படுக்க வேண்டும்.
ஒன்றே முக்கால் வருஷம்.
குறுக்குத்துறையில் மணல் அரித்துக் காசு பொறுக்குகிறவர்களிடம்,
அம்பையில் அடகு மூழ்கிய ஒரு பெட்டியில்,
மேலப்பாளையம் செய்யது மசூது
பூட்டுச்சாவி விற்கிற தகர டப்பாவில்.
ஆயிரத்து நானூறு ‘ஆர்’ பார்த்திருப்பேன்.
எல்லாவற்றுக்கும் ஒரே கால்.

மார்க்கெட்டில் சவரியம்மாள்
நெத்திலி நிறுக்கத் தராசைத் தூக்கினாள்.
இடத்தட்டின் அடியில்
அரக்கு வைத்து ஒட்டிய செப்புக்காசு.
தட்டு இரண்டும் ஒத்துப்போகாததுக்கு
யாரோ எப்போதோ செய்த சமாதானம்.

லென்ஸை எடுத்துக் குனிந்தேன்.
கருவாட்டு வாடை நெற்றிவரை ஏறியது.
“என்னத்தளா அப்படிப் பாக்க?
எடையெல்லாம் சரியாத்தான் இருக்கும்.”
“எடையப் பாக்கலக்கா. துட்டப் பாக்கேன்.”
நகத்தால் அரக்கைக் கொஞ்சம் சுரண்டவிட்டாள்.
ஆர்.
இரண்டு கால்.
மூலையில் எறும்பு.

என்ன விலை கேட்டாலும் கொடுத்திருப்பேன்.
“எடுத்தேன்னா
நாளைக்கு நான் பொய்க்காரி ஆயிருவேன்.
பாத்துட்டுப் போ” என்றாள்.

பார்த்தேன்.
என் காசைப் பையிலிருந்து எடுத்து,
அதன் பக்கத்தில் பிடித்து,
ஒரு கண்ணால் மாறி மாறி.
பின்னால் நின்றவர் இருமினார்.
மீன்காரப் பையன் கூடையோடு இடித்துக்கொண்டு போனான்.
அந்த நினைப்பிலேயே
படிக்கல்லின் பக்கத்தில் என் காசை வைத்துவிட்டேன் போல.
இடத்தட்டு மெல்ல இறங்கியது.

சவரியம்மாள் அதைக் கேட்கவில்லை.
எதிர்த்தட்டில்
இன்னும் ஏழெட்டு நெத்திலி போட்டாள்,
முள் நேரே நிற்கும்வரை.
“இது உன் துட்டுக்கு” என்றாள்.