முதல் குவளையை மணலில் ஊற்று

தடைக்காலத்தின் நாற்பத்திரண்டாம் நாள், பாம்பன்.
எஞ்சின் எதையும் பிரிக்காமல் இருக்கத் தெரியாத ரெனால்டு
அடுக்களையில் ஓர் எஃகுப் பீப்பாயைப் பிரிக்கிறான்.
மதுரையில் பூட்டிப்போன குளிர்பானக் கம்பெனி
பழைய இரும்பு விலைக்குத் தந்தது.
உள்ளே பத்தொன்பது லிட்டர்:
பார்லி முளை,
கப்பலில் போகும் சிநேகிதன்
சட்டைக்குள் சுருட்டிக் கொண்டுவந்த கசப்புப் பூ,
மூன்று வாரப் பொறுமை.
பொறுமை என்னுடையது.

திறந்தான்.
குவளை நிறைய நுரை.
அடங்கவிட்டுப் பார்த்தால் அடியில்
இருமல் மருந்து அளவுக்குப் பீர்.

இரண்டு பக்கமும் கடல் இருக்கிற ஊரில்
நுரைக்கு உவமை சொல்ல ஆள் தேட வேண்டாம்.
எனக்குக் காரணம்தான் வேண்டும்.
ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதுகிறவள் நான்.
உருகிப்போன பாளமும்
ஏதாவதொரு வரியில் உட்கார்ந்திருக்கும்.

"கேஸ் அதிகம்" என்று முள்ளை இறக்கினான்.
நுரைத்தது.
"கேஸ் கம்மி" என்று ஏற்றினான்.
சுவரில் இருக்கிற மாதா படம் வரை தெறித்தது.
பக்கத்து வீட்டுப் பவுலின் எட்டிப் பார்த்து
"புள்ள வாந்தி எடுத்துருச்சா" என்றாள்.

அவள் வீட்டு டம்ளரில் ஊற்றியபோது மட்டும்
நுரை சட்டென்று செத்தது.
ரெனால்டு கையைத் தட்டினான், ஜெயித்துவிட்டானாம்.
டம்ளரை மோந்து பார்த்தேன்:
நேற்று வைத்த சாளைக் குழம்பு.
எண்ணெய் கொன்ற நுரை
கணக்கில் சேராது.

அன்றிரவு நாங்கள் பேசவில்லை.
மூன்று மணிக்குக் கரண்ட் போனது.
வியர்த்து எழுந்து
மீன் பெட்டி மூடியைத் திறந்து கையை விட்டேன்.
ஐஸுக்குள் பீப்பாய் மார்கழியாக இருந்தது.
வெளியே தொங்கிய ஒரு முழ ரப்பர் குழாய்
அந்த நேரத்திலும் வெதுவெதுப்பு.
குளிரில் அடங்கியிருந்த காற்று
சூட்டைத் தொட்டதும் வெடித்துக் கிளம்புகிறது.
குழாயும் குட்டை.
நாலு மணிப் பெல் அடித்த பள்ளிக்கூடத்துக்கு
வாசல் தெருவிலேயே இருக்கிற மாதிரி.

விடிந்ததும் சொன்னேன்.
"மூணு மீட்டர் வேணும், சின்ன விட்டம்.
சுருட்டி ஐஸுக்குள்ளயே போடு.
நீளம் போகப் போக வேகம் களைச்சிரும்."
டீசல் லைனுக்கு வாங்கி வைத்த
புதுக் குழாய்ச் சுருள் இருந்தது. மௌனமாக எடுத்து வந்தான்.
குழாயின் வாயைப் பாதி திறந்தவனிடம்
"தெறந்தா முழுசாத் தெற, இல்லன்னா மூடு" என்றேன்.
பீரைப் பற்றித்தான் சொன்னேன்.
அவன் வேறெதையோ கேட்டவன் மாதிரி நின்றான்.

முதல் குவளை அப்படியும் நுரைதான்,
நின்றுபோன குழாயின் பழைய சூடு.
முற்றத்து மணலில் ஊற்றினோம்.
இரண்டாவது, குவளையைச் சாய்த்துப் பிடித்ததும்
சுவரோரமாக வழிந்து இறங்கியது,
பனைவெல்ல நிறத்தில், சத்தமே இல்லாமல்.

தடை முடிகிற நாளுக்குள் பன்னிரண்டு பாட்டில்.
அவன் அண்ணன் கித்தேரியானுக்கு ஆறு,
எழுந்து வந்த விசைப்படகுக்காரர்களுக்கு மிச்சம்.
பாட்டில்களையும் ஐஸில் புதைத்தேன்.
முள்ளை மிகத் தாழ்த்தி,
குழாய் முனை அடியைத் தொட,
சாளரம் தாண்டிக் கச்சான் அடித்துக்கொண்டிருக்க,
ஒவ்வொன்றாக நிரப்பினோம்.

இங்கே ஒரு வேடிக்கை.
கழுத்தில் ஒரு விரல் நுரை எழும்பாமல்
மூடி போடக் கூடாது.
நுரை ஏறி வந்துதான்
மிச்சக் காற்றை வெளியே தள்ளும்.
ஆறு நாளாக எதை விரட்டினோமோ
அதற்காகக் காத்திருந்தோம், அவன் மூடியோடு,
நான் சுத்தியலோடு.

நான்காவது பாட்டில் மட்டும் பொங்கி
என் மடியெல்லாம் நனைத்தது.
அதே குளிர், அதே முள், அதே குழாய்.
ரெனால்டு காரணம் தேட ஆரம்பித்தான்.
நோட்டில் அந்த வரியை
நான் காலியாக விட்டுவிட்டேன்.