விசாரணை, மூன்றாம் நாள்

சாக்ரமென்டோவில் ஒரு குளிர்ந்த அறை.
டெல்ஃபினா ஓச்சோவாவின் முன்
ஒரு தாளை நகர்த்துகிறார்
மின் நிறுவனத்தின் வக்கீல்.
'இது உங்கள் கையெழுத்துதானே?'

என்னுடையதுதான்.
கிளை வெட்ட வந்த பையன்களைத் திருப்பி அனுப்பினேன்.
கம்பிக்கும் மரத்துக்கும் நடுவே
நான்கடி போதும் என்றது அன்றைய விதி.
என் ஓக் மரம் ஐந்தடி தள்ளி நின்றது.
இஞ்ச் டேப் வைத்து நானே அளந்தேன்.

வக்கீல் அடுத்த தாளைத் தேடுகிறார்.

அந்த மரம் இன்னும் நிற்கிறது, ஐயா,
ஒரு பக்கம் கருகி.
இந்த மார்ச்சில் துளிர்கூட விட்டது.
வீடுதான் இல்லை.
தீ மேட்டிலிருந்து இறங்கியது,
உங்கள் கோபுரத்தில் காற்றோடு ஆடி ஆடித் தேய்ந்து
நகக்கனம் மட்டுமே மிஞ்சியிருந்த
ஒரு கொக்கியிலிருந்து.
அதை அளக்க
யாரிடமும் டேப் இல்லை போல.

ஆணையர் ஏதோ குறித்துக்கொள்கிறார்.
இனி பன்னிரண்டடி.
பலத்த காற்றென்றால் மின்வெட்டு.
மலைப்பாதைக் கம்பிகள் மண்ணுக்கடியில்.
வரைவு தயார்.
செலவு யாருடையது என்ற பத்தியை
வேகமாக வாசித்துவிட்டார்கள்.

அவள் கைப்பையைத் துழாவுகிறாள்.
ட்ரெய்லர் முகவரிக்கு வந்த இந்த மாத பில்.
ஏழாவது வரி:
காட்டுத்தீ நிதி, நாலு டாலர் பத்து சென்ட்.

'இதில் நான் கையெழுத்துப் போட்டதாக
நினைவில்லையே.'