தங்கச்சி வராத பாகம்

அம்பகாமம். காலமை ஒன்பதே முக்கால்.
விசில் ஊதினால் பத்து நிமிச ஓய்வு.
முகக்கண்ணாடியை மேலே தள்ளிப்போட்டு
பாலைமரத்துக்குக் கீழே குந்துறம் ஏழு பேர்,
கயிற்றுக்கு இந்தப் பக்கம்.
டிலக்சனாவின்ரை போனில்
அந்தப் பழைய விண்கப்பல் படம்.
புதுசாய் எடுத்திருக்கினம்.

கப்பல் இப்ப கறுப்பு.
உள்ளுக்கும் இருட்டு, ஒருத்தரும் சிரிக்கினமில்லை.
கதவுகள் சத்தமில்லாமல் திறக்குது.
நான் பார்த்த கப்பலில் கதவு
உஸ் எண்டு திறக்கும்,
சிலவேளை பாதியில் சிக்கும்,
கப்டன் தோளால் இடிச்சுக்கொண்டு போவார்.

தொண்ணூற்றிரண்டு. கரண்ட் இல்லாத மல்லாவி.
மார்க்கண்டு அண்ணை வீட்டு முற்றத்தில்
மண்ணெண்ணெயில் இருமுற ஜெனரேற்றர்.
ஆளுக்கு ரெண்டு ரூபா,
இல்லாட்டி வீட்டுக்கு ஒரு தேங்காய்.
பதினொரு கொப்பி இருந்தது அவரிட்டை.
பாறையெல்லாம் மட்டை.
மூலை கிழிஞ்ச ஒரே பாறைதான்
எல்லாக் கோளிலும் வரும்,
கண்டவுடனை நாங்கள் கைதட்டுவம்.

இங்கிலீசு ஒருத்தருக்கும் விளங்காது.
மார்க்கண்டு அண்ணை ரீவிக்குப் பக்கத்தில்
பூவரசந்தடியோடை நிண்டு சொல்லுவார்:
கப்டன்ரை தங்கச்சி காணாமல் போட்டா.
அவவைத் தேடித்தான் கோள் கோளாய்த் திரியிறார்.
இப்ப கேக்கிறார் பாருங்கோ,
வெள்ளைச் சட்டை, ரெட்டைப் பின்னல்,
இந்தப் பக்கம் வந்தவவோ எண்டு.
பச்சை முகத்துக்காரன் தலையாட்டுவான், இல்லை.
நாங்கள் அழுவம்.
கொப்பி தேய்ஞ்சு திரையில் கோடு விழுந்தால்
அது நட்சத்திரப் புயலாம்.
ஒருநாள் மண்ணெண்ணெய் முடிஞ்சு
ரீவி நிண்ட பிறகும்
இருட்டுக்குள்ளை சொல்லிக்கொண்டே நிண்டவர்.

புதுசில் கீழே தமிழெழுத்து ஓடுது.
கப்டன் இப்ப பொம்பிளை. நல்லாய்த்தான் செய்யிறா.
கிழிஞ்ச பாறையை எங்கேயாவது வைச்சிருப்பினமோ
எண்டு தேடினன். பாறை பாறை மாதிரியே இருக்குது.
கப்டன் தேடுறது ஏதோ உலோகம்,
எஞ்சினுக்குப் போடுறதாம்.
பழசிலும் அதுதானாம் கதை.
மூண்டு பாகம் முடிஞ்சுது.
அக்கா, தங்கச்சி எண்டு ஒரு ஆளே இல்லை,
தேடிப் பார்த்துச் சொல்லுறாள் டிலக்சனா.

மார்க்கண்டு அண்ணைக்குத் தங்கச்சி இருந்தவவோ
எண்டு அப்ப ஒருத்தரும் கேக்கேல்லை.
பிறகு கேக்க
அவரும் இல்லை.

இப்ப கோளில் இறங்குகினம்.
புல்லு, மணல், இடிஞ்ச சுவர் மாதிரி ஒண்டு.
ஆறு பேரும் ஓடுகினம்!
அடி பாவி, ஓடுறாளே, கத்துறா சுகிர்தமலர்.
ஒரு தடி நட்டவையோ, கயிறு கட்டினவையோ,
தெரியாத நிலத்தில்
உப்பிடியோ கால் வைக்கிறது?
சிரிச்சுச் சிரிச்சு டிலக்சனாவுக்குப் புரைக்கேறுது.
அவையின்ரை கையிலை கருவி நீலமாய் மினுங்குது,
சத்தமில்லை.
பழைய கப்டன்ரை கருவி
குருவிக்குஞ்சு மாதிரிக் கத்தும்.
சத்தம் போடாத கருவியை நான் நம்பமாட்டன்.

விசில்.

முழங்காலில் இருக்கிறன், சிவப்புத் தடிக்கு முன்னால்.
கண்ணாடிக்குள்ளை என்ரை மூச்சு மட்டும்.
தள்ளி நிண்டு பார்த்தால் நானும்
எங்கேயோ இருந்து வந்து இறங்கினவள் மாதிரித்தான்.
கருவி கத்துது.
கொத்தக்கூடாது. பக்கத்தாலை சுரண்டவேணும்,
ஒரு விரல் ஆழம், பிறகு இன்னொரு விரல்.
நேற்று ஒரு பூட்டுச்சாவி.
முந்தநாள் சோடாமூடி, ரெண்டு தலைக்கிளிப்,
பால்மாப் பேணியின்ரை அடி.
போன மாசம், மற்றது.

வாய்க்குள்ளை கேக்கிறன்,
வெள்ளைச் சட்டை, ரெட்டைப் பின்னல்.

என்ன சிக்னல் எண்டு
சுகிர்தமலர் தூரத்திலை நிண்டு கேக்கிறா.
இன்னும் தெரியேல்லை எண்டுறன்.
சுரண்டின மண்ணை வாளிக்குள்ளை போடுறன்.