ஆறு இலக்கம்

நாற்பது கம்பளி, இரண்டு பெட்டி சோப்பு,
பழந்துணி மூட்டை ஒன்பது,
கல்லூரிப் பெயர் அச்சடித்த பேனர் ஒன்று.
பேனர் கட்ட இரண்டு மரம் தேடி
அரை மணி நேரம் போனது.
நேரலதொட்டியில் மரத்துக்கா பஞ்சம்?
எழுத்தில் நிழல் விழக்கூடாது என்றார்
போட்டோ எடுக்கும் தேசிங்கு சார்.

மூட்டையைப் பிரித்தால் ஒரு கோட்டு,
யாருடைய வரவேற்பிலோ வியர்த்தது.
கெம்பன் அதை மாட்டிக்கொண்டு ஆடு ஓட்டிப் போனார்.
சிரித்தோம். அவரும் சிரித்தார்.
இரண்டும் ஒரே சிரிப்பா என்று
அன்றைக்கு யோசிக்கவில்லை.

அவர் மகள் ருத்ரி கம்பளி வரிசையில் நிற்கவில்லை.
பால் கவரில் சுற்றிய மதிப்பெண் பட்டியலை நீட்டினாள்.
நானூற்றுப் பன்னிரண்டு.
"உங்க காலேஜுல சீட்டு இருக்குதாம்.
சாதி சர்டிபிகேட் இல்லாம சேக்கமாட்டாங்களாம்."
மூன்று முறை தாலுகா ஆபீஸ் போய்வந்தவள்.
அப்பாவுக்கு இருக்கா, தாத்தாவுக்கு இருக்கா,
நீ இருளர்னு யார் சொன்னது?
"யாருக்கா சொல்லணும்?" என்று
என்னைக் கேட்டாள்.
எனக்குத் தெரியவில்லை.
என்னுடையது எங்கள் வீட்டு பீரோவில்
நான் தவழும்போதே இருந்தது.

லேப்டாப்புக்கு சிக்னல்
பள்ளிக்கூடத்துப் புளியமரத்தடியில்.
கெம்பனின் பட்டன் போனுக்கு
மேலே, பாறை உச்சியில், அதுவும் ஒற்றைக் கோடு.
ஓடிபி பாறைக்கு வரும்.
பத்து நிமிடத்தில் செத்துப்போகும்.
பாறையிலிருந்து புளியமரம் பன்னிரண்டு நிமிடம்,
விழாமல் ஓடினால்.

முதல் தடவை ருத்ரியே ஓடிவந்தாள்.
முழங்காலில் ரத்தம், வாயில் எண்.
காலாவதியானது என்றது திரை,
சிவப்பு எழுத்தில், மரியாதையாக.
இரண்டாம் தடவை தேசிங்கு சார் ஓடினார்.
உண்ணிமுள்ளில் பேண்ட் கிழிந்ததுதான் மிச்சம்.

அப்போது மூக்கொழுகிய பசவி சொன்னாள்:
"எதுக்கு ஓடறீங்க? கத்துனா ஆவாதா?"

பாறைமேல் ருத்ரி.
ஆட்டுப்பட்டியருகே மாதன்.
ஓடைத் திருப்பத்தில் சிக்கி.
உண்ணிப்புதர் தாண்டி இரட்டைப் பையன்கள்,
இருவருக்கும் ஒரே எண்ணைக் கத்தும் உரிமை.
கடைசியில் பசவி, என் காதருகே.
நாலு. நாலு. நாலு. நாலு.
ஒன்பது வந்தது, ஓடையில் கொஞ்சம் நனைந்து.
ரெண்டு.
பிறகு, "முட்டை!"
முட்டையா?
"முட்டைக்கா! வட்டமா இருக்கும்ல!"
பூஜ்யத்தைத் தட்டினேன்.
ஏழை மலை திருப்பிச் சொன்னது,
ஏழு ஒன்றா இரண்டா என்று
மறுபடி மேலே கேட்டு அனுப்பினோம்.
ஒன்றுதான். கடைசி எண் மூன்று.

விண்ணப்பம் பெறப்பட்டது.
அதையும் மேலே கத்தி அனுப்பினாள் பசவி.
பாறைக்குப் போய்ச் சேர்ந்தபோது அது
என்ன சொல்லாக இருந்ததோ,
ருத்ரி அங்கே குதித்தது தெரிந்தது.

கல்லூரி அறிக்கையில்
பயனாளிகள் நாற்பது. கம்பளிக் கணக்கு.

பிறகு ஐம்பத்திரண்டு நாள்
'பரிசீலனையில்'.
வணிகச் சட்ட வகுப்பில் மேசைக்கடியில்
தினமும் பார்த்தேன்.
விசாரிக்க ஒருவர் வந்தாராம்,
பாம்பு பிடிக்கத் தெரியுமா என்று கேட்டாராம்.
ருத்ரி சொன்னாளாம்:
"கணக்குப்பதிவியல் தெரியும் சார்.
ஐந்தொகை போட்டுக் காட்டட்டுமா?"

சேர்க்கை முடிய மூன்று நாள் இருக்கையில்
பாறையிலிருந்து அழைப்பு.
"அக்கா, வந்துடுச்சி."
காற்று. ஓர் ஆடு. பின்னால் யாரோ
கோட்டைச் சூட்டைப் பற்றிக் கிண்டல்.
"அஞ்செட்டிக்கு நடந்தே வந்துடுவேன்,
ஆறேகாலுக்கு கோட்டை பஸ்ஸு.
வழியில ஆனை நின்னா லேட்டாகும்.
அட்டெண்டென்ஸ் போடுவாங்களா?"

விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினேன்.
காய்ச்சல் இருந்தது. குடும்பத்தில் இறப்பு இருந்தது.
பல்கலைக்கழக கபடிப் போட்டி இருந்தது.
கேட்டுச் சொல்கிறேன் என்பதற்குள்
அந்த ஒற்றைக் கோடும் போய்விட்டது.

தேசிங்கு சார் அறைக்குப் போனேன்.
அடுத்த முகாமுக்குப் பேனர் எத்தனை அடி என்று
போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.
வாசலில் நின்றேன்.
அவர் வைத்ததும் கேட்க வேண்டும்.